பரிசாக வரும் போன்

12 வயதில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் போதும், நலம் விசாரித்த கையோடு எல்லோரும் கேட்பது இதைத்தான்: "போன் வாங்கிக் கொடுத்தாயிற்றா?" இல்லை என்று சொன்னால் சிலர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். வாங்கப் போகிறோம் என்றால் வேறு சிலர், பிள்ளையைக் கிணற்றில் தள்ளப் போவதுபோலப் பதறுகிறார்கள். ஆனால் இரு தரப்பும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: சரியான வயது எது? பத்தா, பதின்மூன்றா, பதினாறா? நானும் வெகுகாலம் அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது தேடுவதில்லை. வயதே முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்குச் சொந்தமாக ஸ்மார்ட்போன் வாங்கித் தருபவரோடு வாதாட எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வருடங்களில், எப்போது கொடுக்கிறோம் என்பதைவிட எந்தக் கணக்கில் கொடுக்கிறோம் என்பதே பிறகு வீட்டில் நடக்கும் சண்டைகளைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் எனக்குள் ஊன்றிவிட்டது. அதை ஊன்றிவிட்டுப் போனது என் அண்ணன் மகன்.

வயதை முதலில் முடித்துவிடுவோம்

13 என்ற எண்ணுக்கு ஏதோ உளவியல் அடிப்படை இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான சமூக ஊடகங்கள் அந்த வயதைத்தான் கேட்கின்றன என்பதால் வந்த நம்பிக்கை அது. உண்மையில் அந்த எண் 1998இல் அமெரிக்கா இயற்றிய, குழந்தைகளின் இணைய அந்தரங்கத்தைக் காக்கும் சட்டத்திலிருந்து வந்தது. 13 வயதுக்குட்பட்டவர்களின் சொந்த விவரங்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் இணையதளங்கள் திரட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். முதலில் முன்மொழியப்பட்ட வயது 16. வணிக நிறுவனங்களும், பதின்பருவத்தினரின் தகவல் உரிமைக்குக் கேடு வரும் என்று அஞ்சிய சில அமைப்புகளும் எதிர்த்ததில் பேரம் 13இல் படிந்தது. ஒரு பிள்ளைக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பக்குவம் எப்போது வருகிறது என்பது அங்கே பேச்சாகவே இல்லை. விளம்பரதாரர்கள் யாருடைய விவரத்தை எடுக்கலாம் என்பதே பேச்சு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நாம் பிறந்தநாள் பரிசுக்குத் திட்டம் போடுகிறோம்.

மற்ற எண்களும் ஏறக்குறைய இப்படித்தான். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கிறது. அது கணக்கைப் பற்றியது, போனைப் பற்றியது அல்ல. தரவுப் பாதுகாப்புக்காக இந்தியா 2023இல் இயற்றிய சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்ட 17 வயதுக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். இந்தச் சட்டங்களைக் குறை சொல்லவில்லை. அவை வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஆய்வுகளாவது ஓர் எண்ணைத் தருமா என்று பார்த்தால் அவையும் கைவிரிக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடக்கு கலிபோர்னியாவில் வருமானம் குறைந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் 250க்கும் மேற்பட்டவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் போன் கிடைத்த சராசரி வயது 11.6. முன்னால் கிடைத்தவர்களுக்கும் பின்னால் கிடைத்தவர்களுக்கும் தூக்கத்திலோ, மனச்சோர்வின் அறிகுறிகளிலோ, மதிப்பெண்ணிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே 2022இல் ஏமி ஆர்பனும் சக ஆய்வாளர்களும் பிரிட்டன் தரவுகளை வைத்து வேறொன்றைக் காட்டினார்கள். சமூக ஊடகப் பயன்பாடு கூடியவர்களிடம் ஓராண்டு கழித்து வாழ்க்கைத் திருப்தி குறைவது, பெண்பிள்ளைகளிடம் 11 முதல் 13 வயதிலும், ஆண்பிள்ளைகளிடம் 14, 15 வயதிலும் தென்பட்டது. 19 வயதில் இரு பாலரிடமும் மறுபடி தலைகாட்டியது. முதல் ஆய்வு அளந்தது போன் கைக்கு வந்த வயதை. இரண்டாவது அளந்தது போனுக்கு உள்ளே நடப்பதை. பெண்ணுக்கு ஒரு வயது, பையனுக்கு ஒரு வயது என்று அட்டவணை போட்டு ஒட்டிக்கொள்ள இரண்டுமே உதவாது. சராசரிக் குழந்தை எந்த வீட்டிலும் பிறப்பதில்லை.

மூன்றாவதாக வந்தவன்

என் அண்ணன் மகனுக்கு அப்போது 14 வயது. படிப்பில் கெட்டிக்காரன், ஆனால் அலட்சியம். அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஆண்டுத் தேர்வில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் ஸ்மார்ட்போன். பையன் நிஜமாகவே உட்கார்ந்து படித்தான். மூன்றாவதாக வந்தான். அண்ணன் சொன்ன சொல் தவறாமல் வாங்கிக் கொடுத்தார். குடும்பத்தில் எல்லோரும் பாராட்டினோம். அந்த உற்சாகத்தில் அண்ணன் என் மகளிடமும், "நீயும் தொண்ணூற்றைத் தாண்டு, மாமா உனக்கும் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவைத்தார். எனக்கு அது உறுத்தியது. ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்த ஓர் இரவில் காரணம் பிடிபட்டது. பையன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். போனைத் தலையணை உறைக்குள் பாதி செருகி வைத்திருந்ததால், வெளிச்சம் துணியின் பூக்களை ஊடுருவி அவன் மூக்கின்மேல் நீலமாக விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"பதினொன்று ஆகிவிட்டது. போனைக் கொண்டா."

"எதற்கு அப்பா?"

"எதற்கா? தூங்க வேண்டாமா?"

"தூங்கத்தான் போகிறேன். போன் இங்கேயே இருக்கட்டும்."

"வாங்கிக் கொடுத்தவன் கேட்கிறேன். கொடு."

பையன் எழுந்து உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கணக்குப் பாடத்தில் ஒரு படியை விளக்குவதுபோல நிதானமாகச் சொன்னான்: "நீங்கள் சும்மா வாங்கிக் கொடுக்கவில்லை அப்பா. ஐந்து இடத்துக்குள் வந்தால் தருவேன் என்றீர்கள். நான் மூன்றாவது வந்தேன். இது நான் சம்பாதித்தது." பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்களே சொல்லுங்கள்" என்றான். அண்ணனும் என்னைப் பார்த்தார். அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருந்தால் பையன் பக்கம்தான் பேசியிருப்பேன். விருந்தாளியாகப் போன இடத்தில் அது நடக்கிற காரியமா? அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவர் செய்ததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பதினொரு மணிக்கு அந்த வெளிச்சம் அங்கே இருக்கக் கூடாதுதான். ஆனால் பிடுங்கும்போது அவர் முகத்தில் இருந்தது அதிகாரம் அல்ல, திகைப்பு. தான் போட்ட ஒப்பந்தத்தில் தானே மாட்டிக்கொண்டவரின் திகைப்பு.

மறுநாள் காலை பையன் அப்பாவிடம் பேசவில்லை. என்னிடம் பேசினான். "இரவு பத்து மணிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன் அத்தை. போன் கிடைத்தால் போதும் என்று இருந்தேன், எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன். ஜெயித்த பிறகு ஆட்டத்தின் விதியை மாற்றினால் எப்படி?" இதைச் சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டான். நான் அந்த வாக்கியத்தை ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன்.

கூலியும் இரவலும்

அவன் சொன்னதில் இருந்த ஓட்டை எது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு அகப்படவில்லை. மதிப்பெண்ணுக்குப் போன் என்று பேசும்போது நாம் ஊக்கம் கொடுப்பதாக நினைக்கிறோம். பிள்ளை கேட்பது ஒரு வேலை ஒப்பந்தத்தை. வேலையை முடித்தால் கூலி. கூலியாக வந்த பொருளின் மேல் கொடுத்தவருக்கு அதன்பின் என்ன உரிமை? மாதச் சம்பளம் வாங்கும் யாரிடமாவது, "கொடுத்தவன் கேட்கிறேன், இரவு பத்து மணிக்குச் சம்பளத்தைக் கொண்டு வா" என்று முதலாளி சொல்ல முடியுமா? அந்த ஒப்பந்தத்தில் இருந்தது ஒரே ஒரு நிபந்தனை, அதையும் அவன் நிறைவேற்றிவிட்டான். தூக்கம், எந்தெந்தச் செயலி, யாரோடு பேச்சு, உடைந்தால் யார் பொறுப்பு என்று நமக்கு உண்மையில் கவலை தருகிற எதுவும் அதில் இடம்பெறவில்லை.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. மதிப்பெண் பக்குவத்தின் அளவுகோல் அல்ல. தொண்ணூறு வாங்குகிற பிள்ளைக்கு இரவில் திரையை அணைக்கத் தெரியும் என்று யார் சொன்னது? நாற்பது வாங்குகிற பிள்ளை மாலையில் தனியாகத் திரும்பும்போது பஸ் வராவிட்டால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டாமா? தேவையும் பக்குவமும் ஒரு பக்கம் இருக்க, தேர்வு முடிவு வெளியாகும் தேதிதான் போன் வரும் தேதி என்று வைத்துக்கொள்கிறோம். படிப்புக்காவது இது நல்லதா என்றால், அதுவும் சந்தேகம். உளவியலாளர் மார்க் லெப்பரும் அவரோடு இருந்த இருவரும் 1973இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாட்கள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை வைத்துவிட்டுப் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். படிப்பில் ஆசையே இல்லாத பிள்ளைக்கு இது பொருந்தாது என்று அண்ணன் வாதாடினார். இருக்கலாம். அவர் மகனுக்குச் சரித்திரத்தில் ஆசை இருந்தது எனக்குத் தெரியும்.

பரிசு இல்லை என்றால் வேறென்ன? பாதுகாப்புக்காக என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. அதற்கு அழைக்கவும் அழைப்பை எடுக்கவும் மட்டும் தெரிந்த ஒரு பட்டன் போன் போதும். பாதுகாப்பு என்று சொல்லி ஸ்மார்ட்போன் வாங்கித் தந்துவிட்டு, பிள்ளை எந்தத் தெருவில் நிற்கிறது என்று வரைபடத்தில் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது நம் பதற்றத்துக்கான மருந்து. நான் யோசித்து வந்து சேர்ந்த இடம் இரவல். போன் வீட்டுடையது. பிள்ளைக்குத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம், திருப்பி வைக்க வேண்டும். நிபந்தனைகள் எல்லாம் முதல் நாளே, அந்தப் பையன் சொன்னதுபோல, எதற்கும் தலையாட்டத் தயாராக இருக்கும் அந்த நல்ல நேரத்திலேயே பேசி முடிக்கப்பட வேண்டும்.

எல்லோரிடமும் இருக்கிறது

மகள் இதை எதிர்த்துச் சொன்ன முதல் வாதம் உலகப் பிரசித்தமானது. நான் அவளுடைய தோழி ஒருத்தியின் அம்மாவை அழைத்து மெல்லக் கேட்டேன். "உங்கள் மகளுக்கு வாங்கப் போகிறீர்களாமே, அதனால்தான் நாங்களும் யோசிக்கிறோம்" என்றார் அவர். இரண்டு வீட்டிலும் மற்ற வீட்டைக் காட்டியே மனு போடப்பட்டிருக்கிறது. கெட்டிக்காரிகள்தான்.

சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு நிஜமான சிக்கல் உண்டு. தனி வீடு ஒன்று எடுக்கும் முடிவின் விலையைக் கொடுப்பது அந்த வீட்டுப் பிள்ளைதான். வகுப்பே ஒரு குழுவில் பேசிக்கொள்ளும்போது வெளியே நிற்பதைக் கொள்கை என்று பெற்றோர் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைக்கு அது தண்டனை. அயர்லாந்தின் கிரேஸ்டோன்ஸ் என்ற கடலோர ஊரில் எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் 2023இல் கூடி, பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை ஸ்மார்ட்போன் வாங்கித் தருவதில்லை என்று தாமாகவே முடிவெடுத்தன. அமெரிக்காவில் எட்டாம் வகுப்புவரை காத்திருப்போம் என்று பெற்றோர் கையெழுத்திடும் இயக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் பத்துக் குடும்பங்களாவது சேர்ந்த பிறகுதான் அந்த உறுதிமொழி நடைமுறைக்கு வரும். அந்தப் பத்து என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. தனியாகத் தியாகம் செய் என்று யாரிடமும் சொல்லாத ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் பத்து சேரவில்லை. நான்கைந்து பேர் ஆர்வமாகப் பேசினார்கள், பிறகு ஒருவர் வாங்கிவிட்டார், அதோடு சரி.

கூடத்தில் ஒரு போன்

ஆகவே தேர்வுக்கு முன்பே, மதிப்பெண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், வீட்டுக்கு ஒரு போன் வந்தது. என் கணவரின் பழைய ஸ்மார்ட்போன்தான். வலது மூலையில் சிலந்தி வலையாக விரிசல், ஒலிக்கூட்டும் பொத்தானை நகத்தால் அழுத்தினால்தான் வேலை செய்யும். சிம் என் பெயரில். கூடத்தில், காலணி அலமாரிக்கு மேலே சார்ஜரோடு அது இருக்கும். வெளியே போகும் பிள்ளை எடுத்துக்கொண்டு போகும், வந்ததும் அங்கேயே வைக்கும். இரவு ஒன்பதரைக்கு மேல் அந்த அலமாரியை விட்டு நகராது. கடைசி நிபந்தனையில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. 1,25,198 பிள்ளைகளைப் பற்றிய 20 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2016இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை, படுக்கும் நேரத்தில் கருவியைப் பயன்படுத்தும் பிள்ளைகளின் தூக்கம் கெடுவதோடு, கருவி கைக்கெட்டும் தூரத்தில் சும்மா இருந்த பிள்ளைகளின் தூக்கமும் மோசமாக இருந்ததைக் காட்டியது. தொடாமல் பக்கத்தில் வைத்திருப்பதும் தொந்தரவுதான் என்பதற்கு எனக்கு ஆய்வு தேவையில்லை, என்னையே கேட்டால் போதும். திரை முடிவே இல்லாமல் கீழே கீழே ஓடுவதை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வருந்துவதாகத் தானே சொன்னார். செய்தவருக்கே நிறுத்த வழி தெரியாததை, மன உறுதியால் நிறுத்து என்று 12 வயதுப் பெண்ணிடம் சொல்லுவது அநியாயம். அறைக்கு வெளியே வைப்பது சுலபம்.

இரவல் என்ற ஏற்பாட்டில் நான் எதிர்பாராத சௌகரியம் ஒன்று கிடைத்தது. திரையின் விரிசல் இன்னும் ஓர் அங்குலம் நீண்டபோது அவளே வந்து சொன்னாள். வீட்டுப் பொருள் உடைந்தது, வீட்டில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் வீட்டில் பையன் உடைந்த திரையை உறை போட்டுப் பல வாரம் மறைத்திருந்தான். தன் சொத்தின் நஷ்டம் தன்னோடு போகட்டும் என்று. புதிய செயலி எதுவானாலும் என் அனுமதி வேண்டும் என்ற ஒரு பூட்டை மட்டும் போட்டிருக்கிறேன். நேரக் கட்டுப்பாட்டுச் செயலிகள் பக்கம் போகவில்லை. கடிகாரத்தைத் தள்ளிவைத்து அவற்றை ஏமாற்றப் பிள்ளைகள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். அவளுடைய தோழிகளோடு நடக்கும் உரையாடல்களை நான் படிப்பதில்லை. போன் வீட்டுடையது என்பதால் பேச்சும் வீட்டுடையது ஆகிவிடாது. இதில் என் கணவருக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஏதாவது தப்பு நடந்தால் எப்படித் தெரியும் என்கிறார். விரிசலைச் சொன்ன பெண் அதையும் சொல்லுவாள் என்கிறேன். அவர் நம்பவில்லை. நான் பாதி நம்புகிறேன்.

மகள் முழுவதும் சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். "என்றைக்கு இது என்னுடையதாகும்?" என்று மாதம் தவறாமல் கேட்கிறாள். அதன் மாதக் கட்டணத்தை நீ கட்டும் நாளில் என்றேன். அதுவரை தன் தம்பியோடு பங்குபோட வேண்டுமா என்று பொருமினாள். அவனுக்கு எட்டு வயது. அவனுக்கு அந்தப் போனில் இப்போதைக்குத் தெரிந்தது தாத்தாவை அழைப்பது மட்டும்தான். ஒன்பதரை மணி விதி தோழிகளின் முக்கியமான அரட்டை தொடங்கும் நேரத்தில் சரியாக வந்து விழுகிறது என்பது அவளுடைய நிலையான குற்றச்சாட்டு. காலையில் எழுந்ததும் கூடத்துக்கு ஓடி, காலணி அலமாரியின் முன் நின்றபடியே இரவு வந்த எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் பல் துலக்குகிறாள். அதற்கு நான் விதி எதுவும் போடவில்லை, போடப் போவதும் இல்லை.

தேர்வு முடிவு வந்தது. தொண்ணூற்றுச் சொச்சம். அண்ணன் அழைத்து, போன்தான் வந்துவிட்டதே, வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டார். அதை அவளிடமே கேளுங்கள் என்றேன். அவள் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். "அது வீட்டுப் போன் மாமா. நீங்கள் சொன்னது எனக்கு. வாக்கு வாக்குதான்." அண்ணன் எங்கோ இதைக் கேட்டிருக்கிறோமே என்பதுபோலச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இருவரும் என்னை வைத்துக்கொண்டே பேரம் பேசினார்கள். ஹெட்போனில் முடிந்தது. அடுத்த வாரம் வருகிறதாம், அதற்கு எந்த நிபந்தனையும் கிடையாதாம்.